மண் படிந்த மரத்துக்கு ஏற்ற கூர்

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்திரித் தோப்பும் சில பலா மரங்களும் உண்டு. 2024 பெஞ்சல் புயலுக்குப் பிறகு கூலிக்கு ஆள் கிடைக்காததால் நானே ஒரு செயின்சா வாங்கி, விழுந்த மரங்களை அறுக்கப் பழகிக்கொண்டேன். அமெரிக்க மரவெட்டிகள் செயினின் பல்லைச் சதுரக் கூராக அராவுவதைக் காணொளிகளில் பார்த்தேன். அந்த வேகம் என்னை விடவில்லை. அதைக் கையால் கற்க முடியுமா, என்ன அரம் வேண்டும், கடையில் சாணை பிடிப்பது கெடுதலா என்று சொல்லுங்கள். என்னுடையது 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயின், படம் இணைத்திருக்கிறேன். பல்லுக்கு முன்னால் இருக்கும் டெப்த் கேஜ் என்ற மேட்டைப் பாதிக்கு மேல் தேய்த்துவிட்டேன், இப்போது நன்றாகக் கடிக்கிறது.

ஒரு வாசகர், பண்ருட்டி

அன்புள்ள தம்பி,

கேட்டவற்றுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரக் கூரைக் கையால் கற்கலாம். அரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்று தனி அரம் வேண்டும். சாணையைக் கைபழகியவர் நிதானமாகப் பிடித்தால் கெடுதல் இல்லை. கல்லை அழுத்திப் பல் நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போயிற்று. ஆனால் உங்கள் செயினுக்கு இந்தக் கேள்வியே எழாது. பல்லின் மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலை உங்கள் படத்தில் வளைவாக இருக்கிறது. அந்த மூலை வளைவின்றி மடிந்திருக்கும் செயினுக்குத்தான் சதுரக் கூர் வைக்க முடியும்.

உருட்டு அரம் பல்லின் உட்புறத்தைக் குழிவாக அராவும். சதுரக் கூரில் குழிவு கிடையாது. மேல்தகட்டின் அடிப்பக்கம் ஒரு சமதளமாகவும் பக்கத்தகட்டின் உட்பக்கம் இன்னொரு சமதளமாகவும் இருக்க, இரண்டும் பல்லின் வெளிமூலையில் வந்து கூட வேண்டும். அரத்தின் விளிம்பைச் சரியாக அந்த மூலையில் நிறுத்தி, பக்கவாட்டுக் கோணத்தையும் கீழ்நோக்கிய சாய்வையும் ஒரே தள்ளலில் காப்பாற்ற வேண்டும். விளிம்பு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் மூலை கெடும். மரத்தின் நாரை முதலில் அறுப்பது அந்த மூலைதான் என்பதால், சுத்தமான மென்மரத்தில் இந்தக் கூர் உருட்டுக் கூரைவிட வேகமாகப் போகிறது. அதே காரணத்தால்தான் மணல் பட்டவுடன் மற்றெல்லாக் கூருக்கும் முன்பாக இது மழுங்கிப்போகிறது. காணொளியில் வேகம் தெரிந்திருக்கும், மணல் தெரிந்திருக்காது.

நான் சில காலமாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. எந்தக் கூர் நல்லது என்பதை மரமும் அது கிடக்கும் மண்ணும்தான் முடிவு செய்கின்றன. இன்று நாம் பூட்டும் செயினின் பல்லே மரத்துக்குள் இருந்த ஒரு புழுவைப் பார்த்துச் செய்யப்பட்டது. 1946-இல் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப்புழு ஒன்று தன் தாடையை இடமும் வலமுமாக அசைத்து, நாரின் போக்கிலும் குறுக்கிலும் தடையில்லாமல் மரத்தைக் குடைந்து செல்வதைக் கவனித்தார். அந்தத் தாடையின் அமைப்பை எஃகில் கொண்டுவந்து, மறு ஆண்டே செயின் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பிருந்த செயின்களை அராவி முடிப்பதற்கே நெடுநேரம் பிடித்தது. சதுரக் கூரை அந்தப் பகுதி மரவெட்டிகள் விரும்புவதற்கும் மரமே காரணம். அவர்கள் வெட்டுவது நெடுநெடுவென நிற்கும் டக்ளஸ் ஃபிர் போன்ற மென்மரங்கள். நீங்கள் அறுப்பது புயலில் சாய்ந்து, மழையில் மண் தெறித்து, பட்டையின் ஒவ்வொரு வெடிப்பிலும் செம்மண் ஏறிய முந்திரி.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பண்ருட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் தோப்பில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அறுக்க வந்தவர் இளமையில் ரம்பக்குழியில் இறங்கி ஆள்ரம்பம் இழுத்தவர். பிற்காலத்தில் மெஷினுக்கு மாறியிருந்தார். அவர் மெஷினை இழுத்துக் கிளப்புவதற்கு முன் மரத்தைத் தடவிப் பார்ப்பார். உள்ளங்கையில் நறநறவென்று மணல் பட்டால், அறுக்க வேண்டிய இடத்தில் அரிவாளால் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையைச் சீவி எடுத்து, வைக்கோலால் துடைத்துவிட்டுத்தான் செயினை வைப்பார். பெரியப்பாவுக்குப் பொறுக்காது; மழை மறுபடி வரும் என்று விரட்டுவார். அவர் பதில் பேசியதில்லை. அடுத்த மரத்துக்குப் போய் மறுபடியும் தடவிப் பார்ப்பார்.

கூர் போடும்போது அடிமரத்தில் ஒரு வெட்டுப் போட்டு, செயின் ஓடும் பட்டையை அதில் இறுக்கிச் செருகிவிடுவார். பலாப்பால் ஒட்டிய பற்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே அரத்தை எடுப்பார். பால் ஏறினால் அரம் வழுக்கும். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுவார். ஒரு பக்கத்துப் பற்களை முடித்தபின் மறுபக்கம் போய் நின்று அதே எண்ணிக்கையில் தள்ளுவார். பிறகு பல்லை வெயிலுக்குக் காட்டிப் பார்ப்பார். விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கல். கூர் ஏறிய விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. பல்லின் மேல் மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது, வெட்டுவது அதுதான். மணல் பட்டு அது உதிர்ந்த இடம் முழுவதும் போகும்வரை, நல்ல பூச்சு விளிம்புக்கு வரும்வரை அராவ வேண்டும். பெரும்பாலானவர்கள் பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அவர் நிறுத்தியதில்லை. பெரியப்பா கூலியில் பிடித்துக்கொண்டபோது அந்த மனிதர் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்; அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

உங்கள் மரத்துக்கு வளைந்த மூலையுள்ள செயினும் உருட்டுக் கூரும்தான் பொருத்தம். காய்ந்த புளி, மணலோரச் சவுக்கு, மண்ணில் கிடந்த முந்திரி எல்லாவற்றுக்கும் இதுவே நின்று உழைக்கும். வேகம் சற்றுக் குறையலாம், ஆனால் கூர் நெடுநேரம் தாங்கும். இதை இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டெப்த் கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் மரத்தை எடுக்கலாம் என்று கட்டுப்படுத்துவதே அந்த மேட்டின் வேலை. பல்லின் உயரத்துக்கும் அதற்கும் இடையே உங்கள் செயினுக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் போதும். அதைப் பாதிக்கு மேல் தேய்த்தால் பல் தன் சக்திக்கு மீறி மரத்தைக் கவ்வும். என்ஜின் திணறும், கை அதிரும். செயின் ஓடும் பட்டையின் நுனி மேல்பக்கம் ஒரு கிளையில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். நன்றாகக் கடிக்கிறது என்று நீங்கள் எழுதியது இதைத்தான். மழுங்கிய பல்லை அராவச் சோம்பி மேட்டைத் தேய்ப்பது நம் பக்கத்தில் பலரும் செய்கிற காரியம். படித்த பிள்ளை நீங்களும் அதைச் செய்யலாமா? வீட்டில் உங்களை நம்பி இருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செயினை இனிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கழற்றிப் போட்டுவிடுங்கள்.

புதுச் செயின் வாங்கும்போது 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம் இரண்டும், அரத்தைப் பிடிக்கும் வழிகாட்டிச் சட்டம் ஒன்றும், டெப்த் கேஜ் அளக்கும் தகடு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். சட்டத்தில் போட்டிருக்கும் 30 பாகைக் கோடு செயினுக்கு இணையாக நிற்கட்டும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரியட்டும். மழுங்கும்வரை காத்திராமல், எண்ணெய் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல் கொடுத்துவிடுங்கள். சதுரக் கூருக்கான அரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். அடுத்த கடிதத்தில், பலாவை அறுத்தபோது மஞ்சள் சீவல் சீவலாக விழுந்ததா, மாவாகப் பறந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். மாவாகப் பறந்தது என்றால் கூர் இன்னும் ஏறவில்லை.

அன்புடன்.