மருத்துவக் கழிவை எரிக்காமல் பாதுகாப்பாக அழிக்க முடியுமா?

பெரும்பகுதியை முடியும். ஆஸ்பத்திரிக் கழிவை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தமேற்றிய நீராவியால் கிருமியைக் கொல்லும் எந்திரத்தில், போடும் வேலையைத்தான் தினமும் செய்கிறேன்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் காகிதம், அட்டை, சாப்பாட்டு மிச்சம் போன்ற சாதாரணக் குப்பைதான். ரத்தம் தோய்ந்த பஞ்சை அதோடு சேர்த்துவிட்டால் மொத்தமும் தொற்றுக் கழிவாகிவிடும். அதனால் தரம் பிரிப்பது கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். ஊசியையும் அங்கேயே வெட்டிவிட வேண்டும்.

கிருமியைக் கொல்ல நீராவி போதும். பிவிசி பிளாஸ்டிக் குழாய்களைச் சின்ன உலையில் அரைகுறைச் சூட்டில் எரித்தால் டயாக்சின், ஃபியூரான் என்ற நச்சுப் பொருள்கள் புகையோடு கிளம்பும். ஆட்டோகிளேவில் அழுத்தம் ஏற்றி, 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது அரை மணி நேரம் வைக்கிறோம். அதன்பின் துருவல் எந்திரத்தில் நொறுக்கினால், பழைய சிரிஞ்சைக் கழுவி யாரும் திரும்ப விற்க முடியாது.

எந்திரம் இருந்தால் மட்டும் போதாது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பைமேல் ஒட்டிய, சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று விழுந்திருந்தன. சுமைக்கு நடுவில் வைத்த சோதனைக் குப்பியை எடுத்து கிருமி வளர ஏற்ற சூட்டில் வைக்கும் இன்குபேட்டரில் வைத்தோம். மறுநாள் ஊதா நிறத் திரவம் மஞ்சளாகிவிட்டது. குப்பியில் இருந்த, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (விதை போன்ற உறங்கு நிலை) உயிரோடு இருந்து வளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த ஸ்போரே பிழைத்த இடத்தில் வேறு கிருமி செத்திருக்கும் என்று எப்படி நம்புவது? டேப் சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும்.

காரணம் பைகள்தான். திணித்து, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் நீராவி நுழையாது. முடிச்சைத் தளர்த்தி, சுமையைப் பாதியாக்கி, காற்றை முதலில் வெற்றிடப் பம்பால் இழுத்த பிறகு ஓட்டினோம். குப்பி ஊதாவாகவே இருந்தது. அந்த முதல் சுமை முழுவதையும் திரும்ப ஓட்டிய பிறகுதான் வெளியே அனுப்பினோம்.

ஆட்டோகிளேவில் போடவே கூடாதவையும் உண்டு. புற்றுநோய் மருந்து, பாதரசம், ஃபார்மலின், கதிரியக்கப் பொருள் எதற்கும் நீராவி மருந்தாகாது. குளோரின் கரைசலில் நனைத்ததைச் சூடாக்கினால் நச்சு வாயு வரும், அதையும் தவிர்க்க வேண்டும். நஞ்சுக்கொடியை இதற்கென்றே கட்டிய மூடிய குழியில் புதைக்கலாம். புற்றுநோய் மருந்து மிச்சத்தை உற்பத்தியாளருக்கே திருப்பி அனுப்ப முடியாவிட்டால், 1200 டிகிரி எட்டும் உயர்வெப்ப உலைக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு நெருப்பு இல்லாத நல்ல வழி எங்கள் கையில் இன்னும் இல்லை.