சீனிக்குப் பதிலாகப் போடும் குளிசை இருதயத்துக்குக் கூடாதா?

சலரோகம் உள்ள அம்மா பத்து வருடமாகப் பிளேன்ரீக்குள் இரண்டு இனிப்புக் குளிசை போடுகிறா, இருதயத்தைத் தாக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சந்தேகம் இருக்கிறது, தீர்ப்பு இல்லை. 2022இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பல வருடம் கவனித்தது. செயற்கை இனிப்பைக் கூடுதலாக எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 9% அதிகம். செயற்கை இனிப்பு வகைகளில் அஸ்பார்டேம் பக்கவாதத்தோடும், சுக்ரலோஸ் இருதய நாள நோயோடும் சேர்ந்து வந்தன. ஆனால் உடம்பு ஏற்கெனவே பருத்தவர்கள்தானே இதைத் தேடிப் போவார்கள்? எது எதற்குக் காரணம் என்று இப்படியான ஆய்வால் முழுதாகப் பிரிக்க ஏலாது.

2023இல் உலக சுகாதார நிறுவனம் எடை குறைக்க இவற்றை நம்பவேண்டாம் என்றது. சலரோகக்காரருக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

அதற்காகப் பனங்கட்டிக்கு மாற்றிவிடாதீர்கள். எங்கள் ஊரில் அது மருந்து மாதிரி. உள்ளே இருப்பது பெரும்பாலும் சீனிதான். ஒவ்வொரு கிழமையும் அரைக் குளிசை வீதம் குறைத்துப் பார்க்கட்டும், நாக்கு பழகிவிடும்.