வார்டில் சேர்த்தால் கட்டிப்போடுவார்களா?

கேள்வி: இரண்டு மாதமாகத் தங்கைக்குத் தூக்கமில்லை, செத்துப்போகிறேன் என்கிறாள். மனநல வார்டில் சேர்க்கச் சொல்கிறார் டாக்டர். சங்கிலியால் கட்டிவிடுவார்கள் என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சேர்த்துவிடுங்கள் சகோதரி, தள்ளிப்போடாதீர்கள். அம்மாவின் பயம் புரிகிறது, 2001-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் போனவர்களை, அந்த 28 சாவுகளை யாரால் மறக்க முடியும்? ஆனால் அது மருத்துவமனை இல்லை, தனியார் காப்பகம். சங்கிலியால் கட்டுவதையும், மயக்க மருந்து தராமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தருவதையும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

நானும் ஒரு மனநல வார்டில் மூன்று வாரம் இருந்தவள்தான். போன புதிதில் யாரோடும் பேசவில்லை, தலை சிக்குப்பிடித்துக் கிடந்தது. நைட் டியூட்டி சிஸ்டர் ஒருவர் தேங்காயெண்ணெயோடு வந்து, "வாரி விடட்டுமாம்மா?" என்று கேட்டு, நான் தலையாட்டும் வரை காத்திருந்து, அப்புறம்தான் தொட்டார். நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக, வலிக்காமல், ஒரு மணி நேரம் எடுத்தார், ஏன் இப்படி ஆனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாத்திரையும் வேலை செய்தது, சரி, ஆனால் எனக்கு அழுகை வந்ததும் பேச்சு வந்ததும் அன்றைக்குத்தான்.

சேர்க்கும்வரை தங்கையைத் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்தையெல்லாம் அப்புறப்படுத்துங்கள். இரவில் பயமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கிளம்பும்போது அவளுடைய சீப்பையும் பையில் வையுங்கள்.