எல்லைக் கடலின் பார்களைக் காத்தால் மீனவருக்கு என்ன கிடைக்கும்?

தமிழக–கேரள எல்லையில் உள்ள நீரோடி, பொழியூர்ப் பகுதிகளில் தூண்டில் தொழில் செய்வோருக்குப் பவளப்பாறைப் பாதுகாப்பு எவ்வகையில் உதவும் என்பது கேள்வி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருப்பது போன்ற விரிந்த பவளத்திட்டுகள் இங்கே இல்லை. ஆயினும் கடலடியில் பார்கள் எனப்படும் பாறைத்திட்டுகள் உண்டு; அவற்றின் மீது கடற்பஞ்சும் சிப்பியும் மென்பவளமும் பற்றி வளர்வதால்தான் கலவா போன்ற விலை உயர்ந்த மீன்கள் அங்கே தங்குகின்றன.

கலவா மெதுவாக வளரும் மீன். பெரும்பாலான கலவா இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, உடல் பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. ஆகவே பெரிய மீன்களை மட்டும் தொடர்ந்து எடுத்தால் ஆண்மீன்கள் குறைந்து, பார் சிதையாமல் இருந்தும் இனப்பெருக்கம் தளர்ந்துவிடும். குஞ்சுகளை விட்டுவிடுவதோடு, முட்டையிடும் பருவத்தில் சில பார்களுக்கு ஓய்வு தருவதும் அவசியம் என்பேன்.

விசைப்படகுகள் மீன்பிடிக்க ஆண்டுதோறும் விதிக்கப்படும் தடை கேரளத்தில் 52 நாள். குமரி மேற்குக் கரையில் 61 நாள். கடலுக்குள் எல்லைக்கோடு இல்லாதபோது இந்த வேறுபாடு பொருந்தாதது. இரு கரையினரும் ஒன்றாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

உடனே செய்யத்தக்கது, பார்களில் சிக்கிக் கிடக்கும் கிழிந்த நைலான் வலைகளை அகற்றுவது. அவை ஆளில்லாமலே மீன்களைக் கொன்றுகொண்டிருக்கும். சிப்பி எடுக்க மூழ்கிப் பழகியவர்களுக்கு இப்பணியைக் கூலியுடன் கொடுத்தால், வருமானம் குறைந்த மாதங்களில் அவர்கள் வீடுகளில் அடுப்பு எரியும்.