ஆகஸ்ட் விடுமுறையில் பினாங்கு: எதற்கு நேரம் ஒதுக்கலாம்?

ஆகஸ்ட் மாதம் வயதான பெற்றோருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் பினாங்குக்கு ஐந்து நாள் வருவதாகவும், சமையலறை உள்ள வாடகை வீட்டில் தங்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊர் சுற்றுவது, மேடை நிகழ்ச்சியை நேரில் பார்ப்பது, வீட்டுச் சமையல் ஆகியவற்றில் எதற்கு முதலிடம் தரலாம் என்பது உங்கள் கேள்வி. ஆயர் ஈத்தாமில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்து, பள்ளி விடுமுறை தோறும் உறவினர்களை அழைத்துக்கொண்டு இந்தத் தீவைச் சுற்றி வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பகலுக்குக் கையோடு கொண்டுபோகும் ஒரு வேளைச் சாப்பாட்டையும், மாலைக்கு நேரில் பார்க்கும் ஒரு கலை நிகழ்ச்சியையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் மிச்ச நேரத்தில் தாமாகவே அடங்கிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோலாலம்பூரிலிருந்து தங்கையின் குடும்பம் வந்திருந்த ஒரு விடுமுறையில், வாடகைக்கு வேன் பிடித்து, கொடிமலை, கெக் லோக் சீ கோயில், ஆர்மேனியன் தெருவின் சுவரோவியங்கள், பத்து ஃபெரிங்கி கடற்கரை என்று அத்தனையையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டமிட்டேன். மதியம் ஓர் உணவகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். முழங்கால் வலியோடு அம்மா ஒவ்வோர் இடத்திலும் வேனிலிருந்து இறங்கி ஏறினார். அன்றிரவு, பிள்ளைகளுக்கு எது பிடித்தது என்று கேட்டபோது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். அந்த மௌனம் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

மறு ஆண்டு அவர்கள் வந்தபோது, சீனர்களின் ஏழாம் மாதம் ஆகஸ்டில் அமைந்திருந்தது. பசித்த ஆவிகளின் மாதம் என்று இங்கே எல்லாரும் அறிந்த அந்த மாதத்தில், கோயில்களின் எதிரிலும் சந்தைகளின் ஓரத்திலும் பலகை அடித்து மேடை போட்டு, மாண்டவர்களை மகிழ்விப்பதற்காகக் கூத்தும் பொம்மலாட்டமும் பாட்டுக் கச்சேரியும் நடத்துவார்கள். முதல் வரிசை நாற்காலிகளை அந்த விருந்தாளிகளுக்கென்று காலியாகவே விட்டு வைப்பார்கள். நாங்கள் பார்த்தது போத்தேஹி என்னும் கையுறைப் பொம்மலாட்டம். தென்சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து குடியேறியவர்களோடு இந்தத் தீவுக்கு வந்த கலை அது. பின்னால் வந்து பார்க்கலாமா என்று சைகையால் கேட்டதும், மேடைக்குப் பின்னால் இருந்த பெரியவர் தலையசைத்தார். பொம்மையின் தலைக்குள் அவருடைய ஆள்காட்டி விரல், ஒரு கைக்குள் கட்டைவிரல், மறு கைக்குள் நடுவிரல். அந்த மூன்று விரல்களால் அந்தச் சின்னஞ்சிறு தளபதி வாளை உருவினான், தாடியை நீவினான், தூக்கி எறியப்பட்டு மறு கைக்குள் வந்து விழுந்தான். சண்டை முடிந்த மறுகணம் அவன் ஒரு கம்பிக் கொக்கியில் தலைகீழாகத் தொங்க, பெரியவரின் கை அடுத்த பொம்மைக்குள் நுழைந்திருந்தது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை.

அந்தப் பொம்மலாட்டம் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழி, அம்மாவுக்குச் சந்தையில் மீன் விலை பேசும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் அவர் பக்கத்து மாநிலமான கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த கண் அவருடையது. “இவன் பொய் சொல்றான் பாரு, அந்த ராஜா நம்பிட்டாரு” என்று பேரப்பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு ஏற்றாற்போல மேடையில் ராஜா பொம்மை தலையை ஆட்டியது. பிள்ளைகள் இன்றுவரை அந்தக் கதையைத்தான் பேசுகிறார்கள்.

பினாங்கின் மேடைகளுக்கு நம்மோடும் பழைய உறவு உண்டு. ஒருவர் பாட, கப்பலோட்டிகளைப் போல உடையணிந்த குழு அதைத் திருப்பிப் பாடி ஆடும் போரியா, தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் சிப்பாய்களின் முஹர்ரம் வழக்கங்களிலிருந்து இங்கே வளர்ந்ததாகச் சொல்வார்கள். மலாய் நாடக வடிவமான பங்சாவான், பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் உருவானது. 2008இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததை ஒட்டி, 2010 முதல் ஜார்ஜ்டவுன் விழா நடந்து வருகிறது. பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருவதால், நீங்கள் வரும் நாட்களில் அதன் நிகழ்ச்சிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பரதநாட்டியம் பார்க்க நேர்ந்தால், பாடகரும் மிருதங்கமும் நட்டுவாங்கமும் மேடையிலேயே இருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஒலிப்பதிவுக்கு ஆடும்போது தாளம் ஆடுபவருக்காக ஒரு நொடியும் காத்திருப்பதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

இனிச் சாப்பாடு. இங்கே உங்கள் ஊரைப் போலக் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெக்கைதான், ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மழையும் இறங்கும். அதனால் தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக்கையோ தயிர்ச்சோற்றையோ கட்டிக்கொண்டு போனால் மதியம்வரை தாங்குவதில்லை. நான் எப்போதும் புளிச்சோறுதான் கட்டுகிறேன். முதல் நாள் இரவே நல்லெண்ணெயில் கடுகும் கடலைப்பருப்பும் காய்ந்த மிளகாயும் தாளித்து, கெட்டியான புளிக்கரைசலை எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டு, வறுத்து இடித்த வெந்தயப் பொடியைத் தூவி, துண்டு வெல்லம் போட்டு இறக்கிவிடுவேன். விடியற்காலையில் வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு கிளறினால் பருக்கை உடைந்து குழைந்துவிடும். வாழை இலையை அடுப்புத் தீயில் காட்டி வாட்டும்போது, அதன் பச்சை கருத்து எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். அந்தப் பதத்தில் எடுத்தால் மடிக்கும்போது கிழியாது. பொரித்த நெத்திலியைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள், சோற்றோடு வைத்தால் நமத்துப்போகும். நண்பகலில் ஒரு மரநிழலில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, புளியும் எண்ணெயும் வாட்டிய இலையும் சேர்ந்து எழும் அந்த மணத்துக்காகவே நான் இவ்வளவு பாடுபடுகிறேன். முக்கியமாக, வயதானவர்கள் மாத்திரை போடும் நேரத்தில் சாப்பிட முடியும், யாருடைய மேசைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டைக் கடைகளுக்கு விட்டுவிடுங்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் காவுத்தடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதால் பெயர் பெற்ற நாசி கண்டாரை, பினாங்குக்கு வந்து சாப்பிடாமல் திரும்பக் கூடாது.

கோலாலம்பூர் வழியாக வருவதானால், இடிஎஸ் என்னும் விரைவு மின்சார ரயிலில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அங்கிருந்து பாலத்தில் போகாமல் ஃபெரியில் கடலைக் கடந்து வாருங்கள். கார்களையும் ஏற்றிவந்த பழைய ஃபெரிகள் 2020இன் கடைசி நாளோடு நின்றுவிட்டன, எனக்கு அதில் இன்னும் ஏக்கம் உண்டு. 2023 முதல் ஓடும் புதியவற்றில் கடற்காற்று முன்போல முகத்தில் அடிப்பதில்லை என்றாலும், ஜார்ஜ்டவுன் கரை மெல்ல நெருங்கி வருவதைப் பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கொடிமலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய பழைய மலை ரயிலில் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது, மேலே போய்ச்சேர அரை மணி நேரம் ஆனது. 2011 முதல் ஓடும் புதிய ரயிலில் சில நிமிடங்களில் நேராக உச்சிக்குப் போய்விடலாம் என்பதால் உங்கள் பெற்றோருக்குச் சிரமம் இருக்காது. மேலே ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், பொட்டலத்தை அங்கேயே பிரிக்கலாம். அன்றைக்கு வேறு எங்கும் போகாமல் வீடு திரும்பி, பெரியவர்களைப் படுக்கச் சொல்லிவிட்டு, இருட்டிய பின் மேடையைத் தேடிக் கிளம்புங்கள்.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஆண்டுக்கு ஆண்டு தள்ளி வருவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் என்றைக்கு மேடை என்பதை, வந்து சேர்ந்த மறுநாள் காலையில் சந்தையில் காய்கறி வாங்கும்போது கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளை முதல் வரிசையில் மட்டும் உட்கார விடாதீர்கள். இரண்டாம் வரிசையில், மேளம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தால் உங்கள் பெற்றோருக்கும் காது வலிக்காது.