மரத்தில் தாயக்கட்டை: கேள்வி பதில்

வீட்டிலேயே மரத்தில் தாயக்கட்டை செய்வது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

திருநெல்வேலி வாசகர்: அண்ணா, எங்கள் பித்தளைக் கட்டையில் ஒன்று தொலைந்துவிட்டது. ரம்பமும் உப்புத்தாளும்தான் இருக்கின்றன. மரத்தில் ஒரு ஜோடி செய்ய முடியுமா?

தாராளமாக. தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குச் சட்டம் கேளுங்கள். 12 மி.மீ.யை விடக் கொஞ்சம் தடிமனாக, ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். இழை நீளவாக்கில் ஓட வேண்டும், முடிச்சு கூடாது. ஒரு பக்கம் வைரமும் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) மறுபக்கம் வெளுத்த மரமுமாக இருந்தால் எடை ஒரு பக்கம் சாயும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, சட்டத்தை அதில் தேய்த்து நாலு பக்கத்தையும் சதுரத்துக்குக் கொண்டுவாருங்கள். முழு நீளமாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். நறுக்கிய துண்டைப் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும். அளவு பார்க்க 12-ஆம் நம்பர் ஸ்பானர் போதும். அதன் வாய்க்குள் சட்டத்தை நுழைத்துப் பாருங்கள், கால் திருப்பு திருப்பி மறுபடி நுழையுங்கள். இரண்டு தடவையும் ஒரே இறுக்கமாகப் போனால் சதுரம் வந்துவிட்டது. அப்புறம் 7 செ.மீ. அளவில் இரண்டு துண்டு நறுக்குங்கள். ஒரே சட்டத்தில் வெட்டினால்தான் ஜோடி ஒன்றுபோல இருக்கும். முனைகளை உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் கட்டை செங்குத்தாக நின்று சண்டை வரும். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 குழி.

கோவை வாசகர்: மூன்று குழி போட்ட பக்கம் எடை குறைந்து, அதுவே மேலே மேலே வராதா?

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 × 12 × 70 மி.மீ. கட்டையின் கன அளவு சுமார் 10 கன செ.மீ. தேக்கில் அது ஆறு, ஏழு கிராம் இருக்கும். 3 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்தில் மூன்று குழி போட்டால் குறைவது 0.02 கிராம்கூட இல்லை. உருளும்போது அது தெரியவே தெரியாது. தெரிவது சதுரக் கோணல்தான். ஒரு பக்கம் 12, அடுத்த பக்கம் 13 என்று இருந்தால் அகலமான பக்கங்களே திரும்பத் திரும்பப் படுக்கும். ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: முதலில் சதுரம், பிறகு நறுக்கு.

சேலம் வாசகர்: கருங்காலியில் செய்தால் தாயம் அதிகம் விழுமாமே?

விழாது.

மதுரை வாசகர்: ஐயா, கருங்காலிக் கட்டை வீட்டுக்கு நல்லதா?

மேலே பார்க்கவும். ஒன்று மட்டும் சொல்லலாம். தேக்குக் கட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒரு பக்கமே மேலே வருகிறதா என்று சோதிக்கலாம் (பாலிஷ் போட்ட பிறகு, ஒரு நிமிடம் மட்டும்). நல்ல கருங்காலி வைரம் மூழ்கிவிடும். அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும்.

சென்னை வாசகர்: எட்டு முறை உருட்டியும் தாயம் விழவில்லை. கட்டை கோணலா?

கோணல் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்றும் வெறுமையும், அதில் 2. எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறையும் விழாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

ஈரோடு வாசகர்: 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு எண்தானே? ஏழில் ஒன்று என்பதுதான் சரி.

இல்லை. ஏழு எண்ணும் சமமாக விழுவதில்லை. மூன்று என்பது 16-இல் 4 விதமாக வரும். ஆறும் பன்னிரண்டும் தலா ஒரே விதம்தான்.

அதே ஈரோடு வாசகர்: தாயமும் ஒரே விதம்தான். எந்தக் கட்டையில் 1 விழுந்தால் என்ன?

இதற்கு ஆதரவாக இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு கட்டைக்குச் சிவப்பு அடியுங்கள். சிவப்பில் 1, மற்றதில் வெறுமை: ஒன்று. சிவப்பில் வெறுமை, மற்றதில் 1: இரண்டு. சாயம் அடிக்காவிட்டாலும் கட்டைகள் அப்படியேதான் விழும், அவற்றுக்கு நிறம் தெரியாது. பன்னிரண்டுக்கு இரண்டும் வெறுமையாக இருக்க வேண்டும், அதனால் ஒரே வழி. இன்னும் சந்தேகம் என்றால் சாயங்காலம் உட்கார்ந்து 160 தடவை உருட்டி எழுதுங்கள். தாயம் இருபதை ஒட்டியும், பன்னிரண்டு பத்தை ஒட்டியும் வரும்.

1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் தருகிறோமே, அவற்றைக் கூட்டினால் 16-இல் 6. அதனால்தான் ஆட்டம் நகர்கிறது.

தஞ்சாவூர் வாசகர்: எதிரெதிர்ப் பக்கம் கூட்டினால் 7 வர வேண்டாமா?

அது ஆறு பக்கப் பகடைக்கு, அதுவும் எல்லாக் காலத்திலும் அப்படி இல்லை. மொகஞ்சதாரோவில் கிடைத்த சுடுமண் பகடைகளில் 1-க்கு எதிரே 2, 3-க்கு எதிரே 4, 5-க்கு எதிரே 6.

திருச்சி வாசகர்: குழந்தைகளுக்காகச் சாயம் என்ன போடலாம்?

சன்னபட்டணா பொம்மைகளில் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குச் சாயத்தை அழுத்துவார்கள். சதுரக் கட்டைக்கு அது ஒத்துவராது, காய்களுக்கு ஒத்துவரும். கட்டைக்குத் தேன்மெழுகு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், காயாமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தடவினால் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் காய்கள் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

விழுப்புரம் வாசகர்: முதலில் துண்டாக்கிவிட்டேன், இப்போது சதுரமாக்கலாமா?

புதுச் சட்டம் எடுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் வீட்டில் ஐந்து விழுந்தாலும் காய் இறக்குவோம். அது தப்பா?

உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். நான் கட்டை செய்பவன், பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.