கூட்டத்துக்கு வராத பெற்றோர்

வணக்கம் ஐயா,

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் 31 பிள்ளைகள். போன பெற்றோர் கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர். “படிப்பில் அக்கறை இல்லாத சனம்” என்கிறார் சக ஆசிரியர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இவர்களை எப்படி வரவைப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

கூட்டம் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. வார நாளில் காலை பத்து மணி என்றால், அந்த நேரத்தில் அம்மாமார் கொழுந்து மலையில் நிற்பார்கள். இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அந்த ஆறு பேரும் வந்ததே பெரிய விஷயம்.

என் அம்மா ஒரே ஒரு தடவை வந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து மதிலில் போட்டுவிட்டு, அட்டை கடித்த காலோடு வகுப்பு வாசலிலேயே நின்றார். படிப்பித்த சேர் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டட நிதிப் பாக்கியை எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்புறம் அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் இரவானால் குப்பி விளக்கடியில் உட்கார்ந்து என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் இரண்டு வரியைத் தாண்டிவிட்டால், “நேத்து இன்னும் நீளமா இருந்துச்சே” என்று பிடித்துவிடுவார். இதற்குப் பெயர் அக்கறை இல்லையா?

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தது 1970களில்தான். இடையில் ஒரு தலைமுறையே கொழுந்துக் கூடையோடு போய்விட்டது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கு உங்கள் பெற்றோர். பாடசாலை வாசலில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும்.

அதனால் கூட்டத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரம், கோயில் மண்டபத்தில் வைக்கலாம். முதல் கூட்டத்தில் காசுப் பேச்சே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் எடுத்துப்போய், நன்றாகச் செய்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். ‘பெற்றோர்’ என்று மட்டும் கடிதம் அனுப்பாதீர்கள். அம்மா வெளிநாட்டிலும் அப்பா கொழும்பிலும் இருக்கிற வீட்டில் பிள்ளையைப் பார்ப்பது அம்மாயிதான், அவருக்கும் அழைப்பு வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். சிரமதானத்துக்கு மட்டும் அவர்களைத் தேடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. வராத 25 வீடுகளில் ஏதாவது ஒன்றுக்கு இந்த வாரமே போய்வாருங்கள். ஐந்து மணிக்குப் பிறகு போங்கள், அப்போதுதான் வேலை விட்டு வந்து முகம் கழுவியிருப்பார்கள். பிளேன்டீ தருவார்கள். குடித்துக்கொண்டே, பிள்ளையை அம்மாவுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.